கரிக்குள் வெளி



தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுப் பெற்ற கரியை எடுத்து, அதன் எடையைப்போல் மூன்று அல்லது நான்கு மடங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து அரைத்து, நைட்ரஜன் வாயு ஓடிக்கொண்டிருக்கும் உலையில் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஆறிய பிறகு அமிலத்தாலும் தூய நீராலும் பலமுறை கழுவி உலர்த்தினால், முதலில் வைத்ததைவிட எடையில் வெகுவாகக் குறைந்து, பார்வைக்கு முன்பிருந்தபடியே கறுத்த ஒரு தூள் கையில் மிஞ்சும். அந்தத் தூளில் ஒரு கிராமுக்குள் அடங்கியிருக்கும் பரப்பை அளந்தால் அது 2000 சதுர மீட்டரையும் தாண்டுகிறது. நம்முடைய நிலக் கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ ஐம்பது சென்ட். சென்ற இருபது முப்பது ஆண்டுகளாக உலகின் ஆராய்ச்சிச் சாலைகள் பலவற்றில் இந்தத் தூளின்மேல் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் முயற்சி தீவிரமாக நடந்து வருகிறது. பரப்பு மிகுந்துவிட்டால் மின்சாரமும் அந்த அளவுக்கு மிகுந்துவிடும் என்று முதலில் எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஓரளவே மெய்யாயிற்று. எவ்வளவு வெளியைக் கரிக்குள் உண்டாக்குகிறோம் என்பதைவிட, அந்த வெளி யாருக்குப் பயன்படும்படி உண்டாக்கப்படுகிறது என்பதே பெரிது என்று நான் கருதுகிறேன். இன்றைய பேச்சின் பெரும்பகுதி அதற்கான காரணங்களைச் சொல்வதாகவே இருக்கும்.

கரி பிற பதார்த்தங்களைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது பழைய சங்கதி. 1773-இல் ஷீலே என்னும் ரசாயனி கரி வாயுக்களை உள்வாங்குவதைப் பரிசோதித்து எழுதினார். 1785-இல் ரஷ்யத் தலைநகராயிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் லோவிட்ஸ் என்பவர், பழுப்பேறிய டார்டாரிக் அமிலக் கரைசலில் கரித்தூளைப் போட்டால் அதன் நிறம் நீங்கித் தெளிவதைக் கண்டார். சர்க்கரை ஆலைக்காரர்கள் இந்தக் குணத்தைப் பற்றிக்கொண்டு எலும்புக் கரியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். எனினும் நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கியவர் பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்த புஸ்ஸி. அவர் 1822-இல் இரத்தத்தைப் பொட்டாஷ் உப்போடு சேர்த்துச் சுட்டு, கழுவி, ஒரு கரியைச் செய்தார். நிறம் போக்கும் ஆற்றலில் அது எலும்புக் கரியைப் பன்மடங்கு விஞ்சியது. நெருப்பு மட்டும் செய்ய முடியாத ஒரு காரியத்தை, நெருப்போடு கூட நின்று முடித்துவிட்டுப் பின்பு நீரிற் கரைந்து விலகிப்போகும் ஓர் உப்பு செய்து தந்தது என்பதில், கரிக்குள் துளைகளைப் பெருக்கும் வேலையாகிய பிற்காலத்து இரசாயனக் கிளர்வூட்டல் முழுவதும் கருவாக அடங்கியிருக்கிறது. ஆயினும் அதை ஒரு தொழிலாக வகுப்பதற்கு மேலும் முக்கால் நூற்றாண்டு சென்றது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்ட்ரெய்கோ என்பவர் இரண்டு வழிகளுக்குக் காப்புரிமை பெற்றார்: நன்றாகக் காய்ந்த கரியின்மேல் நீராவியையோ கரியமில வாயுவையோ செலுத்துவது ஒன்று, தாவரப் பொருளை உலோகக் குளோரைடு உப்புகளோடு ஊறவைத்துச் சுடுவது மற்றொன்று. இன்றுவரை உலகில் நடக்கும் கிளர்வூட்டிய கரித் தொழில் முழுவதும் இவ்விரண்டு பாதைகளின் வழியே வந்ததுதான்.

அடுத்து வந்த பெரும் உந்துதலை எண்ணினால் மனம் வருந்துகிறது. 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கருகே ஜெர்மன் சேனை குளோரின் வாயுவைக் காற்றில் விட்டது. அந்தப் புகையிலிருந்து போர்வீரர்களைக் காப்பதற்கான முகமூடிக்குள் வைக்க நல்ல கரி வேண்டியிருந்தது. ரஷ்யாவில் ஜெலின்ஸ்கி கரி முகமூடியை வகுத்தார். அமெரிக்காவில் 1918-இல் பொதுமக்களிடமிருந்து பீச் பழக் கொட்டைகள் திரட்டப்பட்டன. ஆனால் எல்லாக் கொட்டைகளையும்விடத் தேங்காய்ச் சிரட்டையின் கரியே உறுதியும் நுண்துளையும் மிக்கதென்று அங்கிருந்த ரசாயனிகள் தெரிந்துகொண்டார்கள். தென்னை விளையும் நாடுகளுக்கு இந்தத் தொழிலில் ஏற்பட்ட தொடர்பு அந்தக் காலத்தில் வேரூன்றியது.

இத்தனைக்கும் கரியின் உள்ளமைப்பு என்ன என்பது யாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. அதைத் தெளிவாக்கியவர்களுள் முதலிடத்தில் வைக்கவேண்டியவர் ரோஸலிண்ட் ஃபிராங்க்ளின் அம்மையார். டி.என்.ஏ.யின் வடிவத்தைக் காட்டிய எக்ஸ்-கதிர்ப் படத்தின் வாயிலாகவே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இங்கிலாந்தில் நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிச் சங்கத்தில் அமர்ந்து, நிலக்கரித் துண்டுகளின் நுண்துளைகளை ஹீலியம் வாயுவைக்கொண்டும் வெவ்வேறு திரவங்களைக்கொண்டும் அளந்து, சிறிய மூலக்கூறு நுழையும் துளைக்குள் பெரிய மூலக்கூறு நுழையமாட்டாமல் நின்றுவிடுவதைக் கணக்கிட்டுக் காட்டி, அந்த வேலைக்காக 1945-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டத்தைப் பெற்றவர் அவர். கரிக்குள் துளை இருக்கிறது என்பது வேறு, அந்தத் துளைக்குள் புகமுடிகிறது என்பது வேறு என்னும் பேதத்தை, நம் விஷயம் முழுவதுக்கும் ஆதாரமாகிய அந்தப் பேதத்தை, அவர் அப்போதே நிறுவிவிட்டார்.

பின்னர் பாரிஸ் நகரத்துக்குப் போய், எக்ஸ்-கதிர்களால் கரிகளை ஆராய்ந்து 1951-இல் அவர் வெளியிட்ட கட்டுரையும் அதே அளவு முக்கியமானது. சுடப்பட்ட பொருள்களெல்லாம் இரண்டு வகைக்குள் அடங்கும் என்றார். தார்க் கரி போன்ற முதல் வகை, சூட்டை ஏற்ற ஏற்ற அதன் அணுத்தகடுகள் ஒன்றன்மேலொன்றாக ஒழுங்குபட்டு, முடிவில் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டாக மாறிவிடும். சர்க்கரைக் கரி போன்ற இரண்டாம் வகையோ 3000 டிகிரி வரை சூடாக்கினாலும் கிராஃபைட்டாக மாறாது. தொடக்கத்திலேயே அதன் தகடுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் ஏற்பட்டுவிடுவதால், தகடுகள் கோணலும் மாணலுமாக நிலைத்துப்போய், இடையிலே வெற்றிடங்கள் மூடப்படாமல் தங்கிவிடுகின்றன. பிராணவாயு மிகுந்த தாவரப் பொருள்களின் கரி பெரும்பாலும் இரண்டாம் வகையே. சிரட்டைக் கரியும் அதைச் சேர்ந்ததே. கிராஃபைட்டின் தகடுகளுக்கிடையே உள்ள தூரம் 0.335 நானோமீட்டர், அதற்குள் எந்த வாயுவும் புகாது. ஆகையால் ஒழுங்கின்மை இங்கே குறையன்று. அதுவே பொருளின் செல்வம்.

இனிக் கிளர்வூட்டலுக்கு வருவோம். நீராவி வழியில் நடப்பது எளிதிற் சொல்லத்தக்கது. 800 முதல் 1000 டிகிரி வரை சூடேறிய கரியின்மேல் செல்லும் நீராவி, கரியின் அணுக்களைப் பற்றிக் கார்பன் மோனாக்சைடாக்கி எடுத்துச் செல்கிறது. முதலில் அகல்பவை பிணைப்புத் தளர்ந்த அணுக்களாதலால், அடைபட்டுக் கிடந்த துளைகள் திறக்கின்றன, திறந்தவை விரிகின்றன, மேலும் நேரம் சென்றால் சுவர்களும் தேய்ந்து இரண்டு துளைகள் ஒன்றாகிவிடுகின்றன. செலவு குறைந்த வழி. ஆனால் துளையின் அளவை விரும்பியபடி அமைத்துக்கொள்ளும் சுதந்திரம் அதில் மிகவும் கொஞ்சம்.

இரசாயன வழியில் அந்தச் சுதந்திரம் பெருகுகிறது. துத்தநாகக் குளோரைடும் பாஸ்பாரிக் அமிலமும் கரியாகாத பச்சைப் பொருளின்மேலேயே, அதாவது மரத்தூளின்மேலோ சிரட்டைத் தூளின்மேலோ, தம் வேலையைத் தொடங்குகின்றன. செல்லுலோஸிலும் லிக்னினிலும் உள்ள ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் இவை நீராகப் பிரித்து வெளியேற்றுவதால், சாதாரணமாகத் தாராகவும் புகையாகவும் பறந்துபோகவேண்டிய கார்பன் உலையிலேயே நின்றுவிடுகிறது; விளைச்சலும் மிகுகிறது. பாஸ்பாரிக் அமிலம் இன்னும் ஒரு படி மேலே சென்று, தாவர நார்களுக்கிடையே பாஸ்பேட் பாலங்களை அமைத்து, பொருள் சூட்டில் சுருங்கிவிடாதபடி விரித்துப் பிடிக்கிறது. சுமார் 450 டிகிரியில் அந்த விரிவு உச்சத்தை எட்டுகிறது. பின்பு அமிலத்தைக் கழுவி எடுத்தால் அது இருந்த இடமெல்லாம் துளையாக எஞ்சுகிறது. துத்தநாகக் குளோரைடு நெடுங்காலம் தொழிற்சாலைகளில் ஆட்சி செய்த பொருள். கழிவு நீரிலே துத்தநாகம் கலந்து கெடுப்பதால் இப்போது பல நாடுகளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அது நல்ல முடிவு என்பதே என் அபிப்பிராயம்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தின் இயல்பு இவ்விரண்டுக்கும் முற்றிலும் வேறானது. இதன்மேல் சற்று அதிகமான நேரத்தைச் செலவிட விரும்புகிறேன். இது பச்சைப் பொருளை விட்டு, ஏற்கெனவே கரியாகிவிட்ட பொருளின்மேல் பாய்கிறது. 400 டிகிரி அளவில் உருகித் திரவமாகிக் கரியை நனைத்துக்கொண்டபின், ஆறு மூலக்கூறு ஹைட்ராக்சைடு இரண்டு கார்பன் அணுக்களோடு சேர்ந்து, இரண்டு அணு பொட்டாசிய உலோகத்தையும், மூன்று மூலக்கூறு ஹைட்ரஜனையும், இரண்டு மூலக்கூறு பொட்டாசியம் கார்பனேட்டையும் உண்டாக்குகிறது. கார்பனேட்டில் போய்ச் சேர்ந்த அந்தக் கார்பன், கரியின் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது. அது நின்ற இடம் ஒரு குழி. சூடு 700 டிகிரியைக் கடந்ததும் கார்பனேட்டும் சும்மாயிருப்பதில்லை: அதில் ஒரு பகுதி ஆக்சைடாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது, அந்த வாயு கரியைத் தின்று கார்பன் மோனாக்சைடாகிறது, எஞ்சிய கார்பனேட்டும் ஆக்சைடும் கரியாலேயே ஒடுக்கப்பட்டு மேலும் பொட்டாசிய உலோகமாகின்றன.

அந்த உலோகம் 760 டிகிரி அளவில் கொதித்து ஆவியாகிறது. ஆவியான பொட்டாசியம் கரியின் தகடுகளுக்கிடையே நுழைந்து அவற்றை ஒன்றிலிருந்தொன்று விலக்குகிறது. ஆறியபின் கழுவும்போது உலோகம் கரைந்து வெளியேறினாலும், விலகிய தகடுகள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆக, ஒரே பொருள் மூன்று விதமாகத் தொழில் புரிகிறது: தானே கரியைத் தின்கிறது, தான் பெற்ற வாயுவைக்கொண்டு தின்கிறது, தான் பெற்ற உலோகத்தைக்கொண்டு இடைவெளியை அகட்டுகிறது. இம்மூன்றும் எந்த அளவில் கலந்து நிகழவேண்டும் என்பதை, கரிக்கும் காரத்துக்கும் உள்ள விகிதம், உலையின் உஷ்ணம், அதில் வைத்திருக்கும் நேரம் ஆகியவற்றால் செய்பவர் தீர்மானிக்கிறார். விகிதம் குறைந்தால் ஒரு நானோமீட்டருக்கும் சிறிய துளைகள். மிகுந்தால் இரண்டு, மூன்று நானோமீட்டர் துளைகள். இன்னும் மிகுந்தால் சுவர்கள் உடைந்து கரியே கரைந்துபோகும். 1978-இல் அமெரிக்காவில் வென்னர்பெர்க், ஓ'கிரேடி என்னும் இருவர் பெட்ரோலியக் கோக்கை இவ்வாறு காரத்தோடு சுட்டு மிகப் பெரும் பரப்புள்ள கரியைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஜப்பானில் மாக்ஸார்ப் என்ற பெயரால் விற்கப்பட்ட கரி இந்த வழியில் வந்ததே.

ஆராய்ச்சிச் சாலையில் இந்த வேலையைக் கையாளும் மாணவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். உலை ஆறியபின் அதன் குளிர்ந்த முனைகளில் பொட்டாசிய உலோகம் படிந்திருக்கக்கூடும். அதன்மேல் நீர் பட்டால் ஹைட்ரஜன் வெளிப்பட்டுத் தீப்பற்றும். உருகிய காரமோ குவார்ட்ஸ் குழாயையும் அலுமினாப் படகையும் அரித்துவிடும். ஆகவேதான் நிக்கல் பாத்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும் இந்தக் காரியம், ஒரு தொழிற்சாலையிலே பல டன் அளவில் நடக்கவேண்டுமானால் எவ்வளவு சிரமமும் அபாயமும் உடையது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி மின்சாரத்துக்கு வருகிறேன். ஓர் உலோகத்தையோ கரியையோ உப்புக் கரைசலில் அமிழ்த்தி அதற்கு மின்னேற்றம் கொடுத்தால், கரைசலில் உள்ள எதிர்க்குறி அயனிகள் அதன் பரப்பை நாடி வந்து ஒரு வரிசையாக நின்றுவிடுகின்றன. திடப்பொருளின் பக்கம் ஒரு மின்னேற்றம், திரவத்தின் பக்கம் மறு மின்னேற்றம், இடையிலே ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளி. இந்த இரட்டை அடுக்கை 1853-இல் கருதிக் கூறியவர் ஜெர்மானிய மேதை ஹெல்ம்ஹோல்ட்ஸ். மின்தேக்கியின் கொள்ளளவு பரப்பு மிக மிகவும், இடைவெளி குறையக் குறையவும் பெருகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே கற்பிக்கப்படும் பிரமாணம். இடைவெளி இங்கே இயற்கையாகவே அணுவின் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. பரப்பை மட்டும் நாம் கொடுத்தால் போதும். ஒரு சதுர சென்டிமீட்டர் கரிப் பரப்பு ஏறத்தாழ 10 மைக்ரோஃபாரட் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 2000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கிராம் கரி 200 ஃபாரட் தாங்கவேண்டும். வானொலிப் பெட்டியில் நாம் காணும் மின்தேக்கிகளின் அளவோடு இதை ஒப்பிட்டால் பிரமிப்பு உண்டாகிறது.

இந்தக் கணக்குத் தெளிவாக எழுதப்படுவதற்கு முன்பே காரியம் கைகூடிவிட்டது. 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பெக்கர் என்பவர், நுண்துளைக் கரியை மின்வாயாகக் கொண்ட மின்தேக்கிக்குக் காப்புரிமை பெற்றார். சக்தி கரியின் துளைகளில் தேங்குகிறது போலும் என்று கருதினாரேயன்றி, உள்ளே நிகழ்வது இன்னதென்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. அது இரட்டை அடுக்கின் வேலையே என்பதை 1960-களில் ஓஹையோ ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தார் உணர்ந்தார்கள். அவர்களிடமிருந்து உரிமை பெற்ற ஜப்பானிய நிறுவனமாகிய என்.இ.சி. அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இப்போது, நான் தொடக்கத்தில் சொன்ன சந்தேகத்துக்கு வருகிறோம். கரியின் பரப்பை நைட்ரஜன் வாயுவைக்கொண்டு அளக்கிறார்கள். கழித்தல் 196 டிகிரியில் எவ்வளவு நைட்ரஜன் கரியின்மேல் படிகிறது என்பதைப் பார்த்து, 1938-இல் புரூனவர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவரும் வகுத்த சூத்திரத்தின்படி பரப்பைக் கணிக்கிறார்கள். ஆனால் கரிக்குள் மின்சாரத்தைச் சுமந்து செல்லவேண்டியது நைட்ரஜன் அன்று, அயனி. கரைப்பானின் மூலக்கூறுகளைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு திரியும் அயனி நைட்ரஜனைவிடப் பெரியது. மேலும் சூத்திரமே மிகச் சிறிய துளைகளில் அவ்வளவு நம்பத்தக்கதன்று; ஒரேயொரு அணுத்தகட்டின் இரு பக்கங்களையும் முழுமையாகக் கணக்கில் எடுத்தாலும் ஒரு கிராமுக்கு 2630 சதுர மீட்டருக்குமேல் வர வழியில்லை என்றிருக்க, 3000-த்துக்கு மேற்பட்ட எண்கள் பதிப்பிக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி தகடுகளின் ஓரங்களும் வளைவுகளும் தருவது. மற்றொரு பகுதி, துளையை நிரப்பிய வாயுவைப் பரப்பின்மேல் படிந்ததாக எண்ணிவிட்டதன் விளைவு. இத்தகைய எண்களை மட்டும் முன்னிறுத்திக் கட்டுரை எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

துளைகளின் அளவைப் பற்றிய பாகுபாட்டையும் சொல்லிவிடவேண்டும். இரண்டு நானோமீட்டருக்குக் குறைந்தவை நுண்துளைகள், ஐம்பதுக்கு மேற்பட்டவை பெருந்துளைகள், இடைப்பட்டவை இடைத்துளைகள். ஆற்றில் நீர் நிறைந்து ஓடினாலும், அது கால்வாயிற் பிரிந்து, வாய்க்காலில் இறங்கி, மடை வழியே பாய்ந்தாலன்றிப் பயிர் நனையாது. கால்வாய் மட்டும் அகலமாக வெட்டிவிட்டு வயலை விட்டுவிட்டாலும் விளைச்சல் இல்லை. பெருந்துளையும் இடைத்துளையும் அயனியை விரைந்து கொண்டுசெல்லும் வழிகள். மின்னேற்றம் தங்கும் நிலம் நுண்துளை. வழி இல்லாத நுண்துளைக் கரி மெதுவாக ஏற்றி இறக்கினால் நிறையக் கொடுக்கும், வேகமாகக் கேட்டால் தன்னிடமிருப்பதைக் கொடுக்கமாட்டாது. காரத்தின் விகிதத்தைச் சரிப்படுத்துவதும், பாஸ்பாரிக் அமிலத்தால் முதலில் இடைத்துளையை அமைத்துப் பிறகு காரத்தால் நுண்துளையைக் குடைவதும் ஆகிய உபாயங்களெல்லாம் இந்த நோக்கத்துக்காகவே.

இந்த நிலையில் 2006-இல் ஒரு செய்தி வந்தது. நான் படித்த விஞ்ஞானச் செய்திகளில் மனத்தை மிகவும் கவர்ந்தவற்றுள் அதுவும் ஒன்று. அமெரிக்காவில் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கோகோட்ஸியும், பிரான்ஸில் துலூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சீமோனும், அவர்களுடைய சகாக்களும், டைட்டேனியம் கார்பைடிலிருந்து குளோரினால் டைட்டேனியத்தை அகற்றிச் செய்த கரியில், துளையின் அளவைப் பத்தில் ஒரு நானோமீட்டர் நுட்பத்தோடு மாற்றி மாற்றி அமைத்து அளந்தார்கள். அசெட்டோநைட்ரைலில் கரைந்த டெட்ராஎதில் அம்மோனியம் அயனி தன் போர்வையோடு 1.3 நானோமீட்டர் குறுக்களவுடையது. போர்வையின்றி ஏறத்தாழ 0.7. அன்றுவரை இருந்த கொள்கையின்படி, போர்த்திய அயனியைவிடச் சிறிய துளை பயனற்றது. துளை சுருங்கச் சுருங்கக் கொள்ளளவும் குறையவேண்டும். முதலில் அப்படித்தான் குறைந்துவந்தது. ஆனால் துளை ஒரு நானோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் கொள்ளளவு குறைவதை விட்டு விரைந்து உயரத் தொடங்கியது.

இதற்கு அவர்கள் கூறிய காரணம், அயனி தன் போர்வையில் ஒரு பகுதியையாவது வாயிலிலேயே களைந்துவிட்டுத் துளைக்குள் நுழைகிறது என்பது. அவ்வாறு நுழைந்ததும் கரிச் சுவருக்கும் அயனியின் மையத்துக்கும் இடையே உள்ள தூரம் முன்னிலும் குறைந்துவிடுகிறது. தூரம் குறைந்தால் கொள்ளளவு பெருகும் என்ற பழைய பிரமாணமே இங்கும் ஆட்சி செய்கிறது. இரண்டாண்டு கழித்து, கரைப்பானே இல்லாத அயனித் திரவத்தை வைத்துச் சோதித்தபோது, துளையின் அளவு அயனியின் அளவோடு ஏறக்குறைய ஒத்திருக்கும் 0.7 நானோமீட்டரில் உச்சம் கிடைத்தது. அதற்குமேலும் கீழும் குறைந்தது. சமதளச் சுவரின் முன்னே வரிசையாக நிற்கும் அயனிகள் என்ற ஹெல்ம்ஹோல்ட்ஸின் சித்திரம், ஓர் அயனி மட்டுமே நெருக்கிப் புகக்கூடிய துளைக்குள் அப்படியே பொருந்துவதற்கில்லை. பரப்பு என்ற சொல்லின் பொருளே அங்கே மங்கிவிடுகிறது. 2011-இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ரூஆஃப் முதலியோர் கிராஃபைட் ஆக்சைடை விரியவைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் கிளர்வூட்டி, 3100 சதுர மீட்டர் வரை பரப்புள்ள கரியைச் செய்தார்கள். அதிலும் போற்றத்தக்கது எண்ணன்று, முப்பரிமாணத்திலும் வளைந்து தொடர்ந்து செல்லும் துளைகளின் இணைப்பே என்று நான் எண்ணுகிறேன்.

ஆராய்ச்சிக் கட்டுரையின் எண், கடையில் வாங்கும் பொருளில் எவ்வளவாக மிஞ்சுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். கரிமக் கரைப்பானில் ஒரு கிராம் கரி 100 ஃபாரட் தருகிறதென்று கொள்க. மின்தேக்கிக்கு இரண்டு மின்வாய்கள் வேண்டும். தொடரிணைப்பில் கொள்ளளவு பாதியாகிறது, எடையோ இரட்டிப்பாகிறது. ஆகவே கிராமுக்கு 25 ஃபாரட்தான். 2.7 வோல்ட்டில் அது கிலோகிராமுக்கு 25 வாட்-மணி. உறை, அலுமினியத் தகடு, திரவம் எல்லாம் சேரும்போது மொத்த எடையில் கரியின் பங்கு மூன்றிலொன்றுக்கும் குறையும். சந்தையில் கிடைக்கும் 3000 ஃபாரட் கலம் அரைக் கிலோ எடையில் சுமார் மூன்று வாட்-மணி வைத்திருக்கிறது. அதே எடையுள்ள லித்தியம்-அயனிக் கலம் நூறு வாட்-மணி அளவில் வைத்திருக்கும். ஆனால் முன்னதைச் சில விநாடிகளில் நிரப்பலாம், சில விநாடிகளில் வெறுமையாக்கலாம், இவ்வாறு பத்து லட்சம் முறை செய்யலாம். ஷாங்காய் நகரில் 2006 முதல் ஓடிய பேருந்துகள் நிறுத்தங்களில் நிற்கும் நேரத்திலேயே மின்னேற்றிக்கொண்டதும், ஏ380 விமானத்தின் அவசரக் கதவுகளுக்கு இவற்றைப் பொருத்தியதும் இந்தக் குணத்தை நம்பியே. மின்கலத்துக்குப் பதிலாக இது வந்துவிடும் என்று சொல்வது உண்மைக்குப் புறம்பு. மின்கலத்தால் இயலாத வேகத்தை இது தருகிறது என்பதே உண்மை.

அதே காரணத்தால், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான கரியைப் பூசி அளந்துவிட்டு, அந்த எண்ணைக் கிலோகிராமுக்குப் பெருக்கிக் காட்டுவது முறையன்று. வியாபாரக் கலத்தின் மின்வாய் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவில், 100 முதல் 200 மைக்ரோமீட்டர் பருமன் உடையது. மேலும், வெற்றிடம் மிகுந்த கரி எடைக்குச் சிறந்ததாகத் தோன்றினாலும், அந்த வெற்றிடத்தை நிரப்பத் திரவம் வேண்டும், அது அடைத்துக்கொள்ளும் இடமும் பெரிது. கன அளவுக்குக் கணக்கிட்டால் 3000 சதுர மீட்டர்க் கரி 1600 சதுர மீட்டர்க் கரியிடம் தோற்றுவிடுவதும் உண்டு. மின்தேக்கித் தொழிலில் பெயர்பெற்ற ஜப்பானியக் கரியாகிய குராரேயின் ஒய்.பி.50, சிரட்டையிலிருந்து நீராவியால் கிளர்வூட்டப்பட்டது என்பதை இரசாயன வழியில் ஆராயும் நாம் மறக்கலாகாது. காரத்தின் விலை, உலையின் அரிப்பு, கழுவும் நீர் ஆகிய மூன்றும் இரசாயன வழியைத் தொழிற்சாலையின் வாயிலில் நிறுத்திவைத்திருக்கின்றன.

சிரட்டை என்றதும் நம்முடைய ஊர்களின் நினைவு வருவது இயல்பு. குருநாகல், புத்தளம் பக்கங்களிலிருந்து இலங்கையும், காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து தமிழ்நாடும், கிளர்வூட்டிய கரியையும் அதற்கு மூலமான சிரட்டைக் கரியையும் உலகத்துக்கு அனுப்புகின்றன. காங்கேயத்தைச் சுற்றிய கிராமங்களில் திறந்த குழிகளில் சிரட்டையைச் சுட்டு, நீர் ஊற்றி அணைத்து, அந்தக் கரிய நீரை மண்ணுக்குள் விட்டதனால் கிணற்று நீர் கெட்டுப்போயிற்று என்று அங்குள்ள குடியானவர்களும் பெண்களும் முறையிட்டு வந்திருக்கிறார்கள். புகையினால் அவர்கள் படும் துன்பம் வேறு. ஓர் ஊரின் குடிநீரைக் கெடுத்து இன்னோர் ஊரின் பேருந்தை ஓட்டுவதை முன்னேற்றம் என்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். மூடிய உலையில் சுட்டு, வெளிவரும் வாயுவை எரித்து அந்த வெப்பத்தையே உலர்த்தவும் நீராவிக்கும் பயன்படுத்திக்கொள்ளும் முறை புதிதன்று, கடினமும் அன்று. அதற்குச் சிறு முதலாளிகளுக்குக் கடன் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும்.

இன்னொன்று, தூய்மை. நீர் வடிகட்டப் போதுமான கரி மின்தேக்கிக்குப் போதாது. கரியில் இரும்பு சிறிதளவு தங்கினாலும், அது இரண்டு மின்வாய்களுக்கும் இடையே மின்னேற்றத்தைச் சுமந்து போய்வந்து, தேக்கிய சக்தியைத் தானே கசியவிட்டுவிடும். கரியின் ஓரங்களில் ஒட்டிய பிராணவாயுத் தொகுதிகளும் ஈரமும் கரிமத் திரவத்தைச் சிதைத்து வாயுவை உண்டாக்கிக் கலத்தை உப்பச்செய்யும். காரத்தால் கிளர்வூட்டிய கரியில் இத்தொகுதிகள் மிகுதியாதலால், கடைசியாக ஒருமுறை மந்த வாயுவிலோ ஹைட்ரஜனிலோ சூடாக்கி அவற்றை அகற்றவேண்டியிருக்கிறது. உப்பு நீரை இரு கரி மின்வாய்களுக்கிடையே ஓட்டி உப்பை மட்டும் பிடித்துவைக்கும் முறைக்கும், கந்தகத்தைத் துளைக்குள் அடக்கிவைக்கும் லித்தியம்-கந்தகக் கலத்துக்கும் இதே கரிதான் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் துளையும் ஓரமும் வேறு வேறு. உப்பு நீக்கும் மின்வாய்க்கு நீரோடு இணங்கும் ஓரங்கள் நல்லவை. கரிமத் திரவத்து மின்தேக்கிக்கு அவையே பகை.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்குப் பதிலாகப் பொட்டாசியம் கார்பனேட்டையே நேராகப் பயன்படுத்திப் பார்க்கும் முயற்சிகள் இப்போது நடைபெறுகின்றன. அரிப்புக் குறைவு, கையாள்வது எளிது. உஷ்ணம் மட்டும் சற்று அதிகம் வேண்டும், துளைகளும் அவ்வளவு மிகுதியாக அமைவதில்லை. எந்தப் பொட்டாசிய உப்பைப் பயன்படுத்தினாலும் கழுவிய நீரில் அது முழுவதும் கரைந்து வெளியே போகிறது. அதை ஆவியாக்கி மீட்டு மறுபடியும் உலைக்கே அனுப்ப எவ்வளவு எரிபொருள் செலவாகும், உலையிலிருந்து வெளியேறும் வாயுவை எரித்தால் அந்தச் செலவில் எத்தனை பங்கு ஈடாகும் என்ற கணக்கை, கொங்குநாட்டுச் சூளை ஒன்றின் அளவுக்கு ஏற்ப, இங்கே அமர்ந்திருக்கும் பொறியியல் மாணவர்கள் போட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.